இன்று யாருடைய பாடு

1

சனிக்கிழமை எங்கள் பள்ளத்தாக்கில் ஆற்று நாள் கொண்டாடினார்கள்.

‘எங்கள்’ என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும். வேல்ஸ் நாட்டில் மலைகளுக்கு நடுவே நீளமாகக் கிடக்கும் ஒரு பழைய நிலக்கரிப் பள்ளத்தாக்கு இது. சுரங்கங்கள் மூடி ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. கறுப்பாக ஓடிய ஆற்றைச் சுத்தம் செய்து, கரையில் நடைபாதை போட்டு, சுரங்கத்தின் வாயில் நின்ற பெரிய இரும்புச் சக்கரத்துக்குச் சிவப்புச் சாயம் அடித்து, ஊர்க்காரர்களே ஓர் அறக்கட்டளை வைத்துப் பராமரிக்கிறார்கள். அதில்தான் எனக்கு வேலை. பாதையில் குப்பை பொறுக்குவேன். கழிவறை கழுவுவேன். காட்சிக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிகளைத் துடைப்பேன். மாலையில் கேட்டைப் பூட்டுவேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக்காரன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. எழுதும்போது எதிரில் ஆள் இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

ஆற்று நாளில் வருடா வருடம் நடப்பது ஒன்றுதான். காலையில் பாண்டு வாத்தியம். பிறகு பிளாஸ்டிக் வாத்துகளை ஆற்றில் விட்டுப் போட்டி வைப்பார்கள். வயதானவர்கள் வரிசையாக நின்று அவர்கள் மொழியில் பாடுவார்கள். அர்த்தம் தெரியாமலே வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பேன். கடைசியில் கேரிஸ் ஒலிபெருக்கியைப் பிடிப்பாள். கேரிஸ்தான் எனக்கு மேலதிகாரி, என்னைவிடப் பத்து வயது இளையவள். “எல்லோரும் செருப்பைக் கழற்றுங்கள்” என்பாள். சின்னது பெரியது எல்லாம் ஆற்றில் இறங்கிக் கைகோத்து நிற்கும். இந்த ஆறு எங்களுக்குத் திரும்பிக் கிடைத்தது என்பதற்கு அது அடையாளம்.

அந்த நேரத்தில் எனக்கு நாற்காலி அடுக்கும் வேலை வந்துவிடும். இங்கே வந்த முதல் வருடத்திலிருந்து அப்படித்தான். குளிர் தாங்காது என்று சொல்லிவைத்திருக்கிறேன். அது உண்மை இல்லை.

2

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் இடத்தில் பிறந்தவன் நான். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு, நடுவில் நாங்கள். கடல் சரியில்லாத மாதங்களில் ஆறுதான் சோறு போடும்.

ஆற்றில் கையால் இறால் பிடிப்போம். இடுப்பளவுத் தண்ணீரில் குந்தி, சேற்றைத் தடவிக்கொண்டே நகர வேண்டும். விரலுக்குக் கீழே சேறு லேசாகத் துள்ளும். அதற்குள் அமுக்கிவிட வேண்டும். பிடித்ததைப் போட ஒரு பறி. பனையோலையில் பின்னிய கூடை அது. கை இரண்டும் வேலையில் இருக்கும் என்பதால் அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வோம். அதனால் ஆற்றில் யாரும் யாருடனும் பேச முடியாது. எனக்கு ரொம்பப் பிடித்த தொழில்.

ஆற்றில் இறால் அதிகம் கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. சங்குத் திட்டு என்போம். படகுகளை இழுத்துப் போடுவதும் அந்தக் கரையில்தான். மூன்று ஊர்களுக்கு அது ஒன்றுதான் இடம்: எங்கள் குப்பம், வடகரை, பாலத்தடி. சண்டை வரக் கூடாது என்று முன்னோர்கள் முறை வைத்தார்கள். இன்று வடகரை, நாளை பாலத்தடி, மறுநாள் நாங்கள், திரும்பவும் வடகரை. இந்த முறைக்குப் பாடு என்று பெயர். எங்கள் பாடு இல்லாத நாளில் திட்டுத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. ‘எங்களுது’ என்று வாயால் சொல்லவும் கூடாது. அம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்து வாங்கிய சத்தியம் அது.

ஒருமுறை என் அப்பாவின் துடுப்பு கை நழுவி மிதந்து போய்த் திட்டில் ஒதுங்கியது. கரையிலிருந்து நாலு எட்டில் கிடந்தது. அன்றைக்கு வடகரைக்காரர்கள் நாள். அப்பா கரையிலேயே நின்று கூப்பிட்டார்.

“யப்பா வடகரை! அந்தத் துடுப்ப கொஞ்சம் தள்ளி வுடு.”

தூரத்தில் தடவிக்கொண்டிருந்த ஆள் வாயிலிருந்து கயிற்றை எடுத்துவிட்டுக் கத்தினார். “உங்கையில வந்து முத்தம் குட்க்கணுமா அது? இரு மாமு, வரேன்.”

அவர் வந்து தள்ளிவிடும்வரை அப்பா வெயிலில் நின்றுகொண்டிருந்தார். நானும் அண்ணனும் பக்கத்தில் நின்றோம். இதில் ஒரு பெருமையும் கிடையாது. எல்லா ஊரிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள் வந்தன. சாம்பல் கொண்டுபோகும் குழாய்கள் வந்தன. குழாய் ஒழுகி ஆற்றில் சாம்பல் படிந்து, சேறு சிமெண்டு பூசியதுபோல் ஆனது. விரல் இறங்காது. இறங்கினால் தோல் உரியும். எண்ணெய் கசிந்து ஆற்றுக்குள் வந்த வருடத்தில் பறிக்குள் விழுந்தது எல்லாமே கறுப்பு. அப்படியும் என் அண்ணன் ஏழுமலை திட்டை விடவில்லை. “அடில உயிர் கீதுடா, விரல்ல தெரியுது” என்பான்.

நான் விட்டுவிட்டேன். டோல்கேட்டிலிருந்து எண்ணூருக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினேன்.

3

ஷேர் ஆட்டோவில் தினமும் ஏறிய நர்ஸ்தான் இப்போது என் மனைவி ஸ்டெல்லா. ராயபுரத்துப் பெண். அவள் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். அவள் முன் சீட்டில் உட்கார்ந்தால் எனக்கு ஹாரன் அடிக்கக் கை வராது. கடைசியில் அவள்தான் கேட்டாள்: “இன்னாய்யா, நீ வாயத் தொறப்பியா, இல்ல நானே ஃபாதர் கிட்ட போய்ப் பேசிடவா?”

அவளுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. நான் அவளைச் சார்ந்தவன் என்ற விசாவில் வந்தேன். இந்த வேலைக்குச் சேரும்போது இதற்கு முன் குடியிருந்த விலாசம் எல்லாம் கேட்டார்கள். குப்பத்து வீட்டுக்குத் தெருப் பெயர் கிடையாது. ‘ஐஸ் கம்பெனிக்குப் பின்னால், படகு ரிப்பேர் செய்கிற இடத்துக்கு எதிரில்’ என்று எழுதிக் கொடுத்தேன். கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. மூன்று முறை திரும்பி வந்தது. ஸ்டெல்லா தானாக ஒரு தெருப் பெயரை வைத்து, ஒரு கதவு எண்ணும் போட்டு அனுப்பினாள். உடனே ஏற்றுக்கொண்டார்கள். அந்தத் தெருவில்தான் நான் பிறந்தேன் என்று இந்த நாட்டில் பதிவாகி இருக்கிறது.

எங்கள் மகள் ஜெனி இங்கேதான் வளர்ந்தாள். பள்ளியில் இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி ஒரு பாடமே இருக்கிறது. எந்தச் சுரங்கம் எப்போது மூடியது, எந்த விபத்தில் யார் யார் செத்தார்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். கிழவர்கள் பாடும் பாட்டைக் குளிக்கும்போது பாடுகிறாள். பாடு பற்றி நான் சொல்ல ஆரம்பித்தால் இரண்டாவது வரியில் கைபேசியைப் பார்ப்பாள். அவள்மேல் தப்பில்லை. எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

4

போன வருடம் ஒருநாள் கேரிஸ் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். “உன் ஊரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நம் ஆற்றைப் பார்த்து அதேபோல் அங்கே செய்யப் போகிறார்களாம். நீ கூட இருக்க வேண்டும்” என்றாள்.

ஐந்து பேர் வந்தார்கள். இரண்டு பேர் அதிகாரிகள், மற்றவர்கள் திட்டம் வரைந்து கொடுப்பவர்கள். புதிய கோட்டு, புதிய தொப்பி. நான் தேநீரும் உலர்திராட்சை போட்ட ரொட்டியும் கொண்டுபோய் வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றேன். அவர்கள் திரையில் படம் காட்டினார்கள்.

எண்ணூர் ரயில் பாலம் வந்தது. அடுத்தது ஆறு. அடுத்தது சங்குத் திட்டு.

திட்டின்மேல் பச்சைப் புல் வரைந்திருந்தார்கள். படகுக் குழாம், நடைபாதை, மீனவர் பண்பாட்டு மையம், வலை வீசும் சிலை. தண்ணீரில் அன்னம்போல் கழுத்து வளைந்த மிதிபடகுகள். பாதையில் ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார், வெள்ளைக்காரர். வானம் நீலமாக இருந்தது. புகைபோக்கி ஒன்றுகூட இல்லை. அவற்றை இடித்துவிட்டார்களோ என்று ஒரு நொடி நினைத்தேன். படத்தில்தான் இடித்திருந்தார்கள்.

விளக்கம் சொன்ன இளைஞர் கண்ணாடி போட்டிருந்தார். யாரும் புழங்காத கரை என்பதால் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தோம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். கேரிஸ் கைதட்டினாள். நான் காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அந்த இளைஞரே நடையில் வந்து கழிவறை எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“நேராப் போய் லெஃப்ட்டு சார்” என்றேன்.

அவர் நின்றுவிட்டார். “அண்ணே, தமிழா! எந்த ஊரு?”

“எண்ணூர் சார். முகத்துவாரக்குப்பம்.”

“அட! நாங்க அங்க வந்தோமே. ஒரு வீட்ல மோர் எல்லாம் குடுத்தாங்க.” உண்மையாகவே சந்தோஷப்பட்டார். என்னோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார். அவர் நல்ல பையன். அதனால்தான் எனக்கு வாய் வந்தது.

“சார், அந்தத் திட்டுல எங்க ஆளுங்க இறால் புடிக்கிறாங்க. படகெல்லாம் அங்கதான் ஏத்துறது.”

அவர் முகம் மாறியது. “இல்லண்ணே, கேட்டோம். மூணு ஊர்லயும் தனித்தனியாப் போய்க் கேட்டோம். இது உங்க இடமான்னு. ‘எங்களுது இல்ல’ன்னுதான் சொன்னாங்க. மூணு ஊர்லயும்.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் அதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

“இன்னும் லேட் ஆகலண்ணே” என்றார் அவர். “கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்னு வைப்பாங்க. அதுல யாராவது ஒருத்தர் எழுந்து ‘இது எங்க இடம்’னு தெளிவாச் சொல்லட்டும். அப்படிப் பதிவாயிட்டா இடத்த மாத்தலாம். நானே மாத்தி வரையறேன். ஆனா தெளிவாச் சொல்லணும்.”

5

அன்று மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்ததுமே அண்ணனுக்குப் போன் செய்தேன்.

“அந்த கண்ணாடிப் பையனா?” என்றான் அண்ணன். “வந்தான். உங்க அண்ணி மோர் குட்த்தா. இந்தத் திட்டு உங்களுதான்னான். அன்னிக்கு வடகரைக்காரன் பாடு. எங்களுது இல்ல நைனான்னேன். நாயந்தான?”

“வடகரைலயும் போய்க் கேட்டாங்களாம்.”

“அது நம்ம நாளா இருந்திருக்கும். அவன் எப்டி அவனுதும்பான்?”

“பாலத்தடிலயும் இல்லன்னுட்டாங்களாம்.”

அண்ணன் சிரித்தான். “மூணு ஊர்லயும் யோக்கியனுங்கடா.” பிறகு சிரிப்பு நின்றது. “அட, இன்னாடா இது பேஜாரு.”

கூட்டத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று விவரமாகச் சொன்னேன். எழுந்து நிற்க வேண்டும். எங்கள் இடம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

“அன்னிக்கு நம்ம பாடு இல்லாங்காட்டி?”

“அப்பறம் பேசறேண்ணா” என்று போனை வைத்தேன்.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜெனி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “பெரியப்பா ஜஸ்ட் அவரோடதுன்னு சொல்லிடலாம்ல? ஒரு நாள் பொய் சொன்னா என்னப்பா?”

“பொய்யின்னு இல்லம்மா…”

“அப்போ சொல்லலாம்.”

ஸ்டெல்லா ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: “உங்க அப்பா, பெரியப்பா ரெண்டு பேரும் சர்ச்ல பாவசங்கீர்த்தனம் பண்ணப் போனாக்கூட, இன்னிக்கு யாரு முறைன்னு கேட்டுட்டுத்தான் முட்டி போடுவாங்க.”

சிரித்தோம்.

மறுநாள் கேரிஸிடம் பேசினேன். அங்கே உண்மையில் ஆட்கள் புழங்குகிறார்கள் என்று அறக்கட்டளை ஒரு கடிதம் எழுதினால் நன்றாக இருக்கும் என்று, இரவெல்லாம் மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் கமிட்டியில் வைத்தாள். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது: எங்களுக்கு அனுதாபம் உண்டு, ஆனால் வேறு நாட்டுத் திட்டங்களில் கருத்துச் சொல்லும் வழக்கம் இல்லை. அதைச் சொல்லும்போது கேரிஸின் மூக்கு சிவந்துவிட்டது. வீட்டுக்கு எடுத்துப் போ என்று ஒரு முழு கேக்கைக் கொடுத்தாள்.

6

கூட்டத்தை அண்ணி கைபேசியில் படம் எடுத்து அனுப்பினாள். ஒரு கல்யாண மண்டபம். மேடையில் அதிகாரி, கீழே மூன்று ஊர் ஆட்கள். முந்தின நாள் சாயங்காலம் மூன்று ஊரும் கோயிலில் உட்கார்ந்து பேசி, யார் எழுந்தாலும் ‘மூணு ஊருக்கும் சேர்ந்தது’ என்று சொல்வதாக முடிவு செய்திருந்தார்கள். எங்கள் ஊர் சார்பில் பேச அண்ணனை நிறுத்தியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டு முன்வரிசையில் இருந்தான்.

அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. படம் எடுக்கும் அண்ணியின் குரல் கேட்கிறது: “எய்ந்து சொல்லேன்யா. வாயில இன்னா, கொழுக்கட்டையா?”

எழுந்தான். “அந்தத் திட்டு மூணு ஊருக்கும் சேர்ந்தது சார்.”

அதிகாரி பொறுமையான ஆள்தான். “மூணு ஊருக்கும்னா பொது இடம்னு அர்த்தம். பொது இடம்னா அரசாங்கம் அதுல திட்டம் கொண்டு வரலாம். நான் கேக்குறது வேற. உங்க ஊருக்குன்னு பாத்தியதை இருக்கா? அது உங்களுதா?”

அண்ணன் பக்கத்து வரிசையைப் பார்த்தான். வடகரைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அன்று அவர்கள் நாள். அவன் கழுத்தைத் தடவிக்கொண்டான். அவன் தலை கொஞ்சம் கொஞ்சமாகக் குனிவதைப் பார்க்கிறேன். சொல்லுண்ணா, சொல்லுண்ணா என்று இங்கே நான் கைபேசியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். முடிந்துபோன கூட்டம் அது.

“இன்னிக்கு இல்ல சார்” என்றான்.

மேடையில் சிரித்தார்கள்.

“இன்னிக்கு வடகரைக்காரங்க பாடு. நாளைக்குப் பாலத்தடி. நாளன்னிக்குத்தான் எங்களுது.”

“சரிங்க. நிரந்தரமா யாருது?”

“நெரந்தரமா யாருதும் இல்ல சார்” என்றான் அண்ணன். இப்போது குரல் தெளிவாக இருந்தது. “யாருதாவும் ஆவக் கூடாதுன்னுதான சார் பாடே வெச்சது.”

வடகரையில் ஒரு பெரியவர் எழுந்து, “சொன்னது நாயம்!” என்றார். மூன்று ஊரும் கைதட்டியது. பாலத்தடிப் பெண்கள்கூடத் தட்டினார்கள். அண்ணன் வெட்கத்தோடு உட்கார்ந்தான். அதிகாரி எழுதிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ சொன்னார்.

கைதட்டலுக்கு நடுவே அண்ணியின் குரல்: “முட்ச்சிட்டியாய்யா. நல்லா முட்ச்ச போ.” அதோடு படம் நிற்கிறது.

7

காட்சிக்கூடத்தில் நான் துடைக்கும் பெட்டிகளில் ஒன்றில் ஒரு சுரங்க விளக்கு இருக்கிறது. அதன் சொந்தக்காரர் ராய் இன்னும் உயிரோடு இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். வாரம் ஒருமுறை கம்பு ஊன்றி வந்து, தன் விளக்கைப் பார்த்துவிட்டுப் போவார்.

“நீ பளபளப்பாக வைத்திருக்கிறாய், நன்றி” என்பார். “நான் ஒருநாளும் அதை இவ்வளவு சுத்தமாக வைத்ததில்லை.”

கூட்டம் முடிந்த வாரம் அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். காது மந்தம் என்பதால் அவரிடம் பேச எனக்குக் கூச்சம் குறைவு. பாதி கேட்டிருப்பார். ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“எங்களுக்கு வேலை இருந்தவரை இது கறுப்பாகத்தான் ஓடியது. வேலை போன பிறகு மீன் வந்தது. என் பேரன் இங்கே தூண்டில் போடுகிறான். நல்லதுதான். ஆனால் அவன் வேலைக்கு வேறு ஊருக்குப் போகிறான்.”

இங்கே ஆற்றையாவது முதலில் சுத்தம் செய்தார்கள். எங்கள் ஊரில் சாம்பல் அப்படியே இருக்கிறது. அதன்மேல் படகு விட்டார்கள். சீக்கிரமாகவே கட்டிவிட்டார்கள். திட்டைச் சுற்றிக் கம்பிவேலி, வாசலில் டிக்கெட். குப்பத்துப் படகுகளை ஒரு மைல் தள்ளி, கல் குத்தும் கரையில் ஏற்றச் சொல்லிவிட்டார்கள். பண்பாட்டு மையத்தில் ஒரு பெரிய பலகை இருக்கிறதாம். அந்தக் காலத்தில் இந்தப் பகுதி மீனவர்கள் பாடு என்ற அருமையான முறையில் ஆற்றைப் பகிர்ந்துகொண்டார்கள் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டிருக்கிறார்களாம். அதன் கீழே கண்ணாடிப் பெட்டியில் ஒரு பறி. அண்ணனுடைய பறிதான். கேட்டார்கள், கொடுத்துவிட்டான். “இனிமே அத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது? வாயிலயே கடிச்சிகினு தூங்கவா?” என்றான்.

ஊருக்கு ஓர் ஆள் என்று படகுக் குழாமில் வேலையும் கொடுத்தார்கள். எங்கள் ஊருக்கு அண்ணன். வடகரைக்குக் கோவிந்தன், அப்பாவின் துடுப்பைத் தள்ளிவிட்டவரின் மகன். பாலத்தடிக்கு ஒருவர். நீலத் தொப்பி, ஆரஞ்சு மிதவைச் சட்டை. வருகிறவர்களை அன்னப் படகில் ஏற்றித் தள்ளிவிட வேண்டும்.

ஒருநாள் வீடியோவில் பேசும்போது பார்த்தேன். அண்ணன் மரப் பலகைமேல் நின்றுகொண்டு நீளக் கம்பால் படகைத் தள்ளிக்கொண்டிருந்தான். படகு சுற்றிச் சுற்றி அங்கேயே வந்தது. கோவிந்தன் முழங்கால் தண்ணீரில் நின்று அநாயாசமாகத் தள்ளிக்கொண்டிருந்தான்.

“ஏண்ணா, எறங்கித் தள்ளினா ஈசியாச்சே?”

“இன்னிக்கு அவன் பாடுடா.”

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். “இன்னுமாண்ணா?”

“வேலி போட்டது கவர்மெண்டுக்காரன். பாடு வெச்சது அவனா?” என்றான். “நாளன்னிக்கு நான் எறங்குவேன், இவன் பலகைல நிப்பான். மேனேஜரு சோம்பேறிப் பசங்கன்னு கத்திகினே கீறான். கத்தட்டும்.”

கோவிந்தன் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கிக் கைபேசியைப் பார்த்துச் சொன்னான்: “இன்னா லண்டன் மாமு, அங்க பாடு எப்டி கீது?”

நான் இருப்பது லண்டன் இல்லை. திருத்தவில்லை.

8

சனிக்கிழமை காலையில் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது அண்ணியின் குரல் செய்தி வந்தது. வேலிப் பக்கம் போய்க் காதில் வைத்துக் கேட்டேன்.

முந்தின நாள் ஒரு குடும்பம் வந்திருக்கிறது. அவர்கள் படகு திட்டின் சாம்பல் சேற்றில் தட்டி நின்றுவிட்டது. முழங்கால் ஆழம்கூட இல்லை, ஆபத்து ஒன்றும் இல்லை. பலகையிலிருந்து நாலு எட்டு. ஆனால் படகில் இருந்தவர்கள் கத்தியிருக்கிறார்கள். கோவிந்தன் சாப்பிடப் போயிருந்தான். அன்று அவன் நாள். அண்ணன் பலகையின் நுனியில் நின்று, கையை வாயில் குவித்து, “வடகரை! யப்பா வடகரை!” என்று கூப்பிட்டிருக்கிறான்.

கோவிந்தன் கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்து படகைத் தள்ளிவிட்டான். அதற்குள் படகில் இருந்தவர் எல்லாவற்றையும் படம் எடுத்துவிட்டார். மேனேஜர் அங்கேயே தொப்பியையும் மிதவைச் சட்டையையும் கழற்றச் சொல்லிவிட்டார்.

“ஒரு கால வெச்சிருந்தா இன்னா போயிருக்கும்?” என்று அண்ணி கேட்கிறாள். என்னைக் கேட்கவில்லை. “வந்து குந்திகினு கீது. கேட்டா பேச மாட்டேங்குது. நீயாவது சொல்லு தம்பி.”

செய்தியில் பின்னால் படகு ஒன்றின் மோட்டார் சத்தம் கேட்டது. அண்ணன் குரல் கேட்கிறதா என்று திரும்பவும் போட்டுப் பார்த்தேன். கேட்கவில்லை. அதற்குள் பாண்டு வாத்தியம் ஆரம்பித்துவிட்டது.

நாள் முழுக்க வேலை இருந்தது. வாத்துகள் ஓடின. கிழவர்கள் பாடினார்கள். இந்த வருடம் அவர்களோடு ஜெனியும் நின்று பாடினாள்; ஸ்டெல்லா அழுதுகொண்டே படம் எடுத்தாள். கேரிஸ் ஒலிபெருக்கியில் செருப்பைக் கழற்றச் சொன்னாள். எல்லோரும் இறங்கினார்கள். ராயை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் அன்று நாற்காலி அடுக்கப் போகவில்லை. ஏன் என்று தெரியவில்லை. கரைக்கு வந்து ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் தெளிவாக ஓடியது. அடியில் கல் தெரிந்தது.

ஜெனி பார்த்துவிட்டாள். “அப்பா! வாங்க!”

நான் நகரவில்லை. அவள் தண்ணீரைத் தெறித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். “ஏம்பா வர மாட்டீங்க? குளிரே இல்ல.”

“இன்னிக்கு நம்ம பாடு இல்லம்மா.”

என்னை அறியாமல் வந்துவிட்டது. அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்: “அப்போ யாரோடது?”

“தெரியல.”

“யாரக் கேக்கணும்?”

நான் ராயைக் காட்டினேன். அவள் திரும்ப நடந்து போனாள். ராயின் காதருகே குனிந்து ஏதோ கேட்டாள். அவர் புரியாமல் கையைக் காதுக்கு வைத்தார். அவள் மறுபடியும் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து, வா வா என்று கம்பை ஆட்டினார்.

ஜெனி அங்கிருந்தே சத்தமாகச் சொன்னாள்:

“யாரோடதும் இல்லையாம்பா! எல்லாருக்கும் பொதுவாம்! வாங்க!”

நான் ஷூவைப் போட்டுக்கொண்டு நாற்காலிகளை அடுக்கப் போனேன்.